ஏழு வாசல், ஒரு மீட்டர்

பேட்டையில் எங்கள் வளவுக்கு ஏழு வாசல்,
ஒரு கக்கூஸ், ஒரு அடிபம்பு,
நடைச்சுவரில் ஒரு மீட்டர்.
மீட்டர் வீட்டுக்காரர் பேரில். அவர் பம்பாயில்.
பில்லை ஃபேன் கணக்கில் பிரித்துக்கொள்வோம்.
மிக்சியை அரை ஃபேன் என்று சேர்த்த மாசம்
முப்பிடாதி ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மாசம் ஆயிரம் ரூபாய்க்கு மனுப் போட்டோம்.
ஏழு போனிலும் ஒரே ராத்திரி ஒரே வரி:
ஆண்டு மின்நுகர்வு
மூவாயிரத்து அறுநூறு யூனிட்டுக்கு மேல்.
நிராகரிக்கப்பட்டது.
"ஏழு பேரும் சேந்து
ஒரு பணக்காரி ஆயிட்டோம்ட்டி"
என்றாள் மைதீன் பாத்து.
சிரித்ததில் சொளவிலிருந்து தூள் சிந்தியது.

கழிக்கப்படுவது எங்களுக்குப் புதுசில்லை.
செக்கர் தினம் ஒரு கை பீடி கழிக்கிறான்,
இலை கருப்பு, நுனி லூசு.
ஆனால் அவன்
கழித்ததைக் கண்முன்னே எடுத்துப் போடுவான்.
இங்கே கழித்த கை எது என்றே தெரியவில்லை.
இ-சேவைப் பையன் சொன்னான்:
"கம்ப்யூட்டர் வாசல எண்ணாதுக்கா,
மீட்டரத்தான் எண்ணும்."

சரி, அப்போ நாங்கள் எண்ணுகிறோம்.
இருபத்தஞ்சு பீடிக்கு ஒரு கட்டு,
கண்ணை மூடிக்கொண்டு கட்டினாலும்
ஒன்று கூடாது, குறையாது.
கரண்டு ஓட ஓட மீட்டரில்
ஒரு சிவப்புப் பொட்டு சிமிட்டும்.
இருபத்தஞ்சு சிமிட்டலுக்கு நூலில் ஒரு முடிச்சு.
ஒரு வீடு மட்டும் எரியட்டும், கால் மணி நேரம்,
மற்ற ஆறும் இருட்டு.

எல்லோரும் சுவிட்சை அணைத்தோம்.
பொட்டு நிற்கவில்லை.

ஞானத்தாய் வாசலில் நின்றாள்.
உள்ளே சூசையண்ணன்,
பதினெட்டு வருசம் கிரஷரில் கல்தூளை விழுங்கினவர்,
மூக்கில் குழாய். கட்டில் பக்கத்தில்
சின்ன ஃபிரிட்ஜ் மாதிரி அந்த மிசின்
உஸ்ஸென்று இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.
"ஒரு கால் மணி நேரந்தான, அணைங்க"
என்று அவர் கையைக் காட்டினார்.
யாரும் அந்தச் சுவிட்சுப் பக்கம் போகவில்லை.

முதலில் அதை எண்ணினோம்.
பதினாறு முடிச்சு.
பிறகு என் வீட்டையும் போட்டு எண்ணினோம், இருபது.
பதினாறைக் கழித்தால் நான் நாலு முடிச்சு.
செண்பகவடிவு நாலரை.
கோமு மூணு, அவள் வீட்டில் டியூப் லைட் போய்
ஒரு மாசம் ஆகிறது.
விடிவதற்குள் ஏழு நூல்.
பீடிப் பாஸ்புக்கின் பின்னட்டையில்
வருசத்துக்கு எவ்வளவு என்று பெருக்கினாள்
செண்பகவடிவு மகள், எட்டாங்கிளாஸ்.

திங்கட்கிழமை கொக்கிரகுளம்.
வாசலில் போலீஸ்காரி
எங்கள் தண்ணி பாட்டிலை மோந்து பார்த்தாள்.
எதற்கு என்று எங்களுக்குத் தெரியும்.
"குடிக்கதான் கொண்டாந்தோம், ஆயுசு இருக்கு"
என்றாள் முப்பிடாதி.
நூலைப் பார்த்த அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது.
பின்னட்டையைப் பார்த்ததும் நின்றது.

ஆள் வந்தார்கள். வாசலை எண்ணினார்கள்.
கக்கூஸையும் ஒரு வாசலென்று எழுதி
அப்புறம் அடித்தார்கள்.
மூணாம் மாசம் அஞ்சு பேருக்குப் பணம் ஏறியது.
முப்பிடாதி, பரிசீலனையில்.
ஞானத்தாய், விதிப்படி தகுதியில்லை.

அவள் வீடு மட்டும்தான்
நிசமாகவே அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது.
"எம் பேர விட்ருங்க. நீங்க என்ன செய்வியோ" என்றாள்.
கோமு ஒன்றும் பேசவில்லை.
எனக்கும், உள்ளதைச் சொல்கிறேன்,
ஒரு நாள் வேலை போகுமே என்றுதான் முதலில் தோன்றியது.

மனுவை மறுபடி எழுதியது மைதீன் பாத்து. ஒரே கேள்வி:
ஒரு மனுசன் வருசத்துக்கு
எத்தனை யூனிட் மூச்சு விடலாம்?

அடுத்த திங்கள் பேட்டை ஸ்டாப்பில்
பதினாறு முடிச்சு நூலை
ஞானத்தாய் மஞ்சள் பைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.
பஸ் வந்தது.
கண்டக்டர் தலையை எண்ணினார்.
எந்த மீட்டரையும் கேட்கவில்லை.
கட்டணமில்லாச் சீட்டு,
ஏழு கிழித்துக் கொடுத்தார்.